கடல் நஞ்சாகிவிட்டது என்று வரும் செய்தியை எப்படிச் சோதிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பருத்தித்துறைக்கு வெளியே கொள்கலன் கப்பல் ஒன்று கவிழ்ந்து இரசாயனம் கடலில் கலந்துவிட்டது, இரவில் அலை நீலமாக எரிகிறது, வயிறு முழுக்கப் பிளாஸ்ரிக்குடன் திமிங்கிலம் ஒன்று கரையொதுங்கியிருக்கிறது, மூன்று மாதத்துக்கு யாரும் மீன் வாங்க வேண்டாம். இப்படி ஒரு குரல்பதிவும் மூன்று படங்களும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் வந்திருக்கின்றன, கேட்டவரின் அம்மா அன்றிலிருந்து மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். இது உண்மையா, கட்டுக்கதையா, இனிமேல் இப்படி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடிப் பதில். அந்தச் செய்தியை முழுதாக எடுத்தால் அதை நம்ப ஒரு காரணமும் இல்லை. கப்பலின் பெயர் இல்லை, திகதி இல்லை, பேசுகிறவர் யாரென்று இல்லை. அம்மா மீன் வாங்கலாம். ஆனால் "இதெல்லாம் சும்மா கதை" என்று தூக்கி எறியவும் முடியாது, ஏனென்றால் அதில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் உலகத்தில் எங்கேயோ ஒரு நாள் உண்மையாகவே நடந்திருக்கிறது. கப்பல் மூழ்கி இரசாயனம் கலந்தது நடந்தது, எங்கள் நாட்டிலேயே நடந்தது. அலை நீலமாக ஒளிர்வது நடக்கிறது. திமிங்கிலத்தின் வயிற்றில் பிளாஸ்ரிக் இருந்ததும் உண்மை. இந்தத் துண்டுகளை ஒன்றாக முடிந்து, பருத்தித்துறை என்று ஓர் ஊர்ப்பெயரையும் மேலே வைத்ததில்தான் பொய் இருக்கிறது. அதனால் முழுச் செய்தியையும் பார்த்து "உண்மையா பொய்யா" என்று கேட்டுக்கொண்டிருக்காமல் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கேட்க வேண்டும். என்னிடம் இருப்பது இந்த ஒரு முறைதான், மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

பெரும்பாலானவர்கள் வேறொரு அளவுகோலைப் பிடிக்கிறார்கள். "இப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்கிறார்கள், விசித்திரமாக இருந்தால் பொய், சாதாரணமாக இருந்தால் உண்மை என்று முடிவெடுக்கிறார்கள். கடல் விஷயத்தில் இந்த அளவுகோல் கொஞ்சமும் உதவாது. 2021 ஜூலை 2 ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் நடுக்கடலில் ஒரு பெரிய நெருப்புக் கண் போலத் தீ எரிந்ததே, அந்தக் காணொளி வந்தபோது படத்துக்காகச் செய்த கணினி வேலை என்றுதான் பலர் நினைத்தார்கள். உண்மையில் பெமெக்ஸ் என்ற அந்நாட்டு அரச எண்ணெய் நிறுவனத்தின் கடலடிக் குழாயில் எரிவாயு கசிந்து, மேலே வந்து தீப்பிடித்து எரிந்தது. 1992 ஜனவரியில் பசிபிக் சமுத்திரத்தில் புயலில் அகப்பட்ட ஒரு கப்பலிலிருந்து விழுந்த கொள்கலனில் இருந்த மஞ்சள் வாத்து, பச்சைத் தவளை, நீல ஆமை, சிவப்பு பீவர் என்று 28,800 குளியல் பொம்மைகள் கடலில் பரவின. அதே வருடக் கடைசியில் அலாஸ்காவின் சிட்கா கரையில் அவை ஒதுங்கத் தொடங்கின, கேர்ட்டிஸ் எப்ஸ்மெயர் என்ற கடலியல் அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்தப் பொம்மைகளை வைத்தே நீரோட்டங்களைக் கணித்தார்கள். பிரான்சின் பிரிட்டனிக் கரையில் 1980களிலிருந்து கார்ட்டூன் பூனை உருவத்திலான ஆரஞ்சு நிறத் தொலைபேசிகள் துண்டு துண்டாக ஒதுங்கிக்கொண்டே இருந்தன, காரணம் ஒருவருக்கும் தெரியாது. 2019 இல்தான் அலையேற்றத்தில் மூழ்கிவிடும் ஒரு கடற்குகைக்குள் கொள்கலனின் மிச்சத்தைக் கண்டார்கள். பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவுக்குப் பக்கத்தில் பிடித்த 13 சிறு சுறாக்களைச் சோதித்தபோது எல்லாவற்றின் உடலிலும் கொக்கேயின் இருந்ததாக 2024 இல் ஆய்வு வந்தது. நான்கும் உண்மை. கேட்டவுடனே நம்பக்கூடியதாக ஒன்றுகூட இல்லை.

அந்தச் சுறாக் கதையை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் உண்மை எந்த இடத்தில் கதையாக மாறுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். ஆய்வு சொன்னது தசையிலும் ஈரலிலும் கொக்கேயின் இருந்தது என்பதை மட்டும். அது சுறாவை என்ன செய்கிறது, அதன் குணத்தை மாற்றுகிறதா என்று அந்த ஆய்வு காட்டவில்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வரும்போது "போதை தலைக்கேறிய சுறாக்கள் ஆட்களைத் தாக்குகின்றன" என்று வால் முளைத்துவிடும். தலை உண்மை, வால் பொய். இணையத்தில் வரும் கடல் கதைகளில் நான் அதிகம் காண்பது இந்த வகைதான், முழுப்பொய் குறைவு.

எங்கள் நாட்டுக் கதைக்கு வருவோம். 2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது, ஜூன் 2 ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதில் 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள், அதாவது பிளாஸ்ரிக் பொருட்கள் செய்ய உருக்கும் மூலப்பொருள். நீர்கொழும்புப் பக்கக் கரையெல்லாம் வெள்ளை மணிகள் குவிந்து கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்திய வருடம் யாராவது "கடற்கரை முழுக்கப் பிளாஸ்ரிக் குருணியால் மூடப்போகிறது, ஆமைகள் செத்து ஒதுங்கப்போகின்றன" என்று எழுதியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? நடந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளிக்கும் அளவுக்குப் பெரிதாக நடந்தது.

இந்தச் சம்பவம் உண்மையான பேரழிவு எப்படித் தடயம் விடும் என்பதையும் காட்டுகிறது. கப்பலுக்குப் பெயர் இருந்தது, எந்த நாட்டுக் கொடி என்று தெரிந்தது, எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது, அமிலம் கசிவது தெரிந்தும் கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தக் கொள்கலனை இறக்க முடியாமல் போனது எல்லாம் வெளியே வந்தது. விமானப்படை எடுத்த படம் ஒரு பக்கம், இந்தியக் கரையோரக் காவல்படை எடுத்த படம் இன்னொரு பக்கம், கரையில் நின்றவர்கள் போனில் எடுத்தவை வேறு. ஒரே புகையை நூறு கோணத்தில் பார்க்கலாம். பொய்ச் செய்தியில் எப்போதும் ஒரே கோணம், ஒரே படம், அல்லது ஒரே பதினைந்து விநாடிக் காணொளி. பருத்தித்துறைக் கரையில் அப்படி ஒன்று நடந்தால் முனையிலிருந்து வல்வெட்டித்துறை வரைக்கும் நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. இரண்டாவது கோணம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையென்றால் அதுவே பெரிய சாட்சி. செயற்கை நுண்ணறிவில் செய்யும் படங்கள் வந்த பிறகு இந்தச் சோதனைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. விரல் எத்தனை, நிழல் எந்தப் பக்கம் என்று படத்துக்குள்ளே பிழை தேடுவது நாளுக்கு நாள் பயன் குறைந்துகொண்டு வருகிறது, அந்தப் பிழைகளையெல்லாம் அவர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

படத்தைப் பற்றிச் சொல்லும்போது, உண்மையான விஷயத்துக்குப் பொய்ப் படம் போடுவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், அதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். பசிபிக் குப்பைத் தீவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு அடிக்கடி போடப்படும் படத்தில், நெருக்கமாகக் கிடக்கும் குப்பைக்கு நடுவே ஒருவர் சிறு தோணியில் இருப்பார். அது பிலிப்பைன்சின் மணிலாத் துறைமுகத்தில் எடுத்தது. பசிபிக் நடுவில் அப்படி நடந்து போகக்கூடிய தீவு எதுவும் இல்லை. படம் பொய், அப்படியானால் விஷயமும் பொய்யா? இல்லை. 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று அங்கே 16 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் குறைந்தது 79,000 தொன் பிளாஸ்ரிக் மிதப்பதாகக் கணக்கிட்டது, எடையில் கிட்டத்தட்டப் பாதி கைவிடப்பட்ட மீன்பிடி வலை. பரப்பையும் எடையையும் வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஐம்பது கிலோ அளவில்தான் வரும், அதிலும் எண்ணிக்கையில் பெரும்பகுதி கண்ணுக்குச் சரியாகப் படாத சிறு துணுக்குகள். கப்பலில் அதன் நடுவே போனாலும் வெறும் நீலக் கடல்தான் தெரியும். படம் எடுக்க முடியாத ஆபத்து அது, அதனால்தான் வேறு இடத்துப் படத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள், பிறகு யாராவது அந்தப் படம் பொய் என்று கண்டுபிடித்து முழு விஷயத்தையும் பொய் என்று பரப்புகிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது.

புகுஷிமா அணுக்கசிவு என்று சிவப்பும் மஞ்சளுமாகப் பசிபிக் முழுக்கப் பரவும் ஒரு வரைபடம் இன்றைக்கும் சுற்றுகிறது. அது கதிர்வீச்சு வரைபடமே இல்லை. 2011 மார்ச் 11 சுனாமியின் அலை உயரத்தைக் காட்ட அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனம் வரைந்தது. 2004 ஐப் பார்த்த எங்களுக்கு அந்த வடிவம் தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தைக் கண்டால் ஓரத்தில் இருக்கும் அளவுக்கோட்டைப் பாருங்கள், அது மீற்றரிலோ சென்ரிமீற்றரிலோ இருந்தால் கதிர்வீச்சு அல்ல. அளவுக்கோட்டை வெட்டி எறிந்துவிட்டு அனுப்பியிருந்தால் அந்த வரைபடத்தை ஒரு பொருட்டாக எடுக்க வேண்டாம்.

உங்களுக்கு வந்த திமிங்கிலப் படமும் இதே வகையாக இருக்கலாம். 2019 மார்ச்சில் பிலிப்பைன்சின் டாவாவோ வளைகுடாவில் செத்த திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ பிளாஸ்ரிக் இருந்தது உண்மை. இந்தோனேசியாவின் வகாடோபியில் 2018 நவம்பரில் ஒதுங்கியதில் கிட்டத்தட்ட ஆறு கிலோ, பிளாஸ்ரிக் கோப்பைகளும் இரண்டு செருப்புமாக இருந்ததும் உண்மை. அதே பிலிப்பைன்சில் 2017 இல் கவிட்டே கரையில் வாய் பிளந்து பிளாஸ்ரிக் வழியக் கிடந்த பிரமாண்டத் திமிங்கிலம் மட்டும் உயிருள்ளதாக இருந்ததே இல்லை, கிரீன்பீஸ் அமைப்பு விழிப்புணர்வுக்காகப் பிளாஸ்ரிக் கழிவிலேயே செய்து வைத்த சிலை. அதைச் செய்தவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை, விளக்கத்தோடுதான் வெளியிட்டார்கள். விளக்கம் உதிர்ந்துபோய்ப் படம் மட்டும் ஊர் ஊராகப் போகும்போது அது பொய்யாகிவிடுகிறது. கூகிள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் பழைய இடம் தெரிந்துவிடும், காணொளியென்றால் நிறுத்தி ஒரு காட்சியைப் படமாக எடுத்துத் தேடுங்கள். தேடும்போது முதலில் வரும் விடையோடு நிற்காமல் மிகப் பழைய திகதியைத் தேடுங்கள். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் 2017 இலேயே இருந்தால் வேலை முடிந்தது.

படத்தில் படகு இருந்தால் இன்னும் நல்லது. இந்தியப் படகில் ஐ.என்.டி. என்றும் தமிழ்நாட்டுக்கு டி.என். என்றும் எழுத்துகள் இருக்கும், எங்கள் படகுகளின் பதிவிலக்கம் மாவட்டக் குறியீட்டோடு முடியும். பெரிய கப்பலென்றால் பின்புறத்தில் பெயரும் பதிவுத் துறைமுகமும், கூடவே ஏழு இலக்கங்கள் கொண்ட சர்வதேச எண்ணும் இருக்கும். மரைன் ட்ராபிக் போன்ற தளங்களில் அந்தப் பெயரைப் போட்டால் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். கவிழ்ந்ததாகச் சொல்லும் கப்பல் சிங்கப்பூரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இனி எங்கள் கடலைப் பற்றி. இங்கே வாழ்கிறவர்களுக்கு வெளியூர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: கடலின் ஆழமும் காற்றும் தெரியும். நெடுந்தீவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் பெரிய கொள்கலன் கப்பல் கவிழ்ந்தது என்று செய்தி வந்தால் படிக்கும்போதே தள்ளிவிடலாம். பாக்குநீரிணையும் பாக்குவிரிகுடாவும் ஆழம் குறைந்தவை, இராமர் பாலத்தில் சில இடங்களில் ஆள் உயரம்கூட இல்லை, பெரிய கப்பல்கள் அதனால்தான் தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகின்றன. 2005 இல் சேதுசமுத்திரத் திட்டம் என்று ஆழப்படுத்தத் தொடங்கியதும் அதற்காகத்தான், அது முடியவில்லை. ஆனால் பருத்தித்துறைக்குக் கிழக்கே வங்காள விரிகுடாப் பக்கம் ஆழம் இருக்கிறது, தூரத்தில் கப்பல்கள் போகும். எனவே உங்கள் செய்தியில் இடம் மட்டும் நடக்கமுடியாத இடமல்ல. வதந்தி செய்தவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது, தற்செயலாகச் சரியாக வந்திருக்கும்.

காற்றைக் கேளுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் பொருட்கள் தென்மேற்கிலிருந்து தள்ளப்படும், வாடைக்காற்றில் வடகிழக்கிலிருந்து வரும். வாடைக் காலத்தில் பர்மாப் பக்கத்து மூங்கில் தெப்பங்கள் வடமராட்சி கிழக்கில் ஒதுங்குவது அதனால்தான், ஒவ்வொரு முறையும் "மர்மத் தெப்பம்" என்று செய்தி வரும், அங்குள்ள முதியவர்களுக்கு அதில் மர்மம் ஒன்றும் இல்லை. 2025 மே 25 ஆம் திகதி கேரளக் கரைக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. சோளகக் காலம். அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் முதலில் கேரளக் கரையில், பிறகு கன்னியாகுமரியைச் சுற்றி, ஜூன் நடுப்பகுதியில் மன்னார்க் கரையில் ஒதுங்கின. இரண்டு மூன்று வாரம் எடுத்தது. மணிகள் மன்னாரில் ஒதுங்கின என்று வந்த செய்தியைப் பலர் "எங்கேயோ கேரளாவில் மூழ்கினதுக்கு இங்கே எப்படி" என்று நம்ப மறுத்தார்கள், ஆனால் காற்று, காலம், தூரம் மூன்றும் ஒத்துப்போனது. மாறாக மார்கழி வாடையில் கேரளக் கப்பலின் கழிவு மறுநாளே பருத்தித்துறையில் ஒதுங்கியது என்றால் கடல் அப்படி ஓடாது.

அதே கப்பலைப் பற்றி "பெட்டிக்குள் இருக்கும் கல்லில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், கிட்டப் போகாதீர்கள்" என்று ஒரு எச்சரிக்கையும் சுற்றியது. கேட்டால் பேய்க்கதை மாதிரி இருக்கும். அது உண்மை. 12 கொள்கலன்களில் கல்சியம் காபைட் இருந்தது, தண்ணீர் பட்டால் அசெற்றிலீன் வாயு வரும், அது எரியும். மாம்பழம் பழுக்க வைக்கிற அதே காபைட் கல்தான்.

அப்புறம் கணக்கு. ஒரு இருபது அடிக் கொள்கலனில் இருபது சொச்சம் தொன்தான் ஏற்றலாம். "ஒரே கொள்கலனில் ஐயாயிரம் தொன் நஞ்சு" என்று வந்தால் பேனா எடுக்கத் தேவையில்லை. அமிலமென்றால் கடல்நீர் அதை வேகமாக நீர்க்கச் செய்துவிடும், அமிலத்தைச் சமப்படுத்தும் தாங்குதன்மையும் கடல்நீருக்கு உண்டு. கொட்டிய இடத்தைச் சுற்றியுள்ள உயிர்களை அது கடுமையாகத் தாக்கும், மாதக்கணக்கில் நூறு மைலுக்கு நஞ்சாக நிற்காது. பிளாஸ்ரிக் மணி நேர்மாறு: கண்ணுக்கு அமைதியாகத் தெரியும், வருடக்கணக்கில் கிடக்கும். வதந்திகளில் பயம் எப்போதும் அமிலத்தின் மேல் ஏற்றப்படுகிறது, நிலைத்து நிற்பதைப் பற்றி ஒருவரும் குரல்பதிவு போடுவதில்லை.

நீல ஒளிக்கு வருகிறேன். அது பெரும்பாலும் கடலில் வாழும் மிகச் சிறிய உயிர்களின் வேலை. நொக்ரிலூக்கா என்ற வகை கலங்கும்போது நீலமாக ஒளிரும். 2019 ஓகஸ்ட்டில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்தில் அலைகள் ஒளிர்ந்து சனம் திரண்டு போய்ப் பார்த்தது. இரவில் வலை இழுக்கிற எந்தக் கடற்றொழிலாளரையும் கேளுங்கள், வலை மினுங்குவதைக் கண்டிருப்பார். இரசாயனத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அதை "இயற்கைதானே" என்று முழுதாக விட்டுவிடவும் மாட்டேன். அடுத்த மாதமே, 2019 செப்ரெம்பரில், பாம்பன், மண்டபம் பக்கம் அதே உயிரின் பச்சை வகை அளவுக்கு மீறிப் பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்தன. இப்படிப் பெருகுவதற்குக் கழிவுநீரும் உரமும் கடலில் சேர்வது உதவக்கூடும். அதேபோல அந்த வருட மழைக்குப் பின் சென்னை மெரீனாவில் பனி மாதிரி வெள்ளை நுரை குவிந்தது, பிள்ளைகள் அதற்குள் விளையாடினார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது மழையோடு அடித்து வந்த கழிவுநீரும் சவர்க்காரமும் கலந்த நுரை. பயமாகத் தெரிவது தீங்கில்லாமலும் அழகாகத் தெரிவது தீங்காகவும் இருக்கலாம், கண்ணை மட்டும் நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது.

மீன் கூட்டமாகச் செத்து மிதந்தாலும் இதே நிதானம் வேண்டும். எங்கள் கடல்நீரேரி ஆழமில்லாதது, நீண்ட வெயிலில் தண்ணீர் சூடேறி உப்பும் ஏறி ஒட்சிசன் குறைந்தால் மீன் சாகும், திடீர் மழையில் நன்னீர் புகுந்தாலும் சாகும். யாரோ நஞ்சு ஊற்றிவிட்டார்கள் என்ற முடிவுக்குப் போக முன் அந்தக் கிழமை வெயிலும் மழையும் எப்படி இருந்தது என்று பாருங்கள். சிலியில் 2003 இல் ஒதுங்கிய பெரிய வெள்ளைச் சதைக் குவியலை என்னென்னவோ சொன்னார்கள், அடுத்த வருடம் மரபணுச் சோதனையில் அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் அழுகிய மிச்சம் என்று தெரிந்தது.

அதிகாரிகள் சொன்னால் உடனே முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2024 ஒக்டோபரில் சிட்னியின் கூஜி கடற்கரையில் கறுப்புப் பந்துகள் ஒதுங்கின. முதலில் தார் உருண்டைகள் என்றார்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்தபோது கொழுப்பு, சமையல் எண்ணெய், சவர்க்காரக் கசடு, மருந்து, போதைப்பொருள் தடயங்கள் எல்லாம் சேர்ந்த கழிவு உருண்டைகள் என்று தெரிந்தது. "முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்கள், எதையோ மறைக்கிறார்கள்" என்று அப்போது பேச்சு வரும். எனக்கு அது மறைப்பாகத் தெரியவில்லை, முதல் நாள் பதில் கண்ணால் பார்த்துச் சொன்னது, பிந்திய பதில் சோதித்துச் சொன்னது. புதிய சம்பவத்தில் முதல் இரண்டு நாள் வரும் காரணங்களை, யார் சொன்னாலும், பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பாமல் விடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாழ்ப்பாணத்துக்குச் சொல்லத் தேவையில்லை. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொன்னபோது வதந்தி என்றவர்கள் இருந்தார்கள், மிகைப்படுத்துகிறார்கள் என்றவர்கள் இருந்தார்கள். 2019 இல் உச்ச நீதிமன்றம் நிலத்தடி நீர் மாசடைந்ததற்காக அங்கிருந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா செலுத்த உத்தரவிட்டது. அந்த மக்கள் சொன்னதில் கப்பல், சுறா மாதிரி விசித்திரம் ஒன்றும் இல்லை, பெயர் சொல்லி, கிணற்றைக் காட்டி, போத்தலில் எடுத்துக் கையில் தந்து சொன்னார்கள். அதுதான் சாட்சி. முகம் தெரியாத குரல்பதிவையும் இப்படி நேரில் வந்து சொல்கிறவரையும் ஒரே தராசில் போட்டு "எல்லாம் வதந்தி" என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

மீன் வாங்காதே என்ற வரிக்கு இப்போது வருவோம். உண்மையான தடைக்கு எல்லை இருக்கும். 2021 இல் மீன்பிடித் தடை வந்தபோது எந்தக் கரையிலிருந்து எந்தக் கரை வரை என்று சொன்னார்கள். உண்மையான உணவு எச்சரிக்கை எந்த மீன், எந்த இடத்து மீன், எதனால் என்று சொல்லும். "மூன்று மாதத்துக்கு எந்த மீனும் வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்பதில் இடமும் இல்லை, காரணமும் இல்லை, அனுப்பச் சொல்லும் கட்டளை மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வரி குருநகரிலும் பாசையூரிலும் மயிலிட்டியிலும் அன்றைய ஏலத்தை விழுத்திவிடும். எண்ணெய்க் கடன் எடுத்துக் கடலுக்குப் போனவர் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார், வதந்தியை அனுப்பியவருக்கு அது தெரியவும் வராது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உறுதியாகத் தெரியாத ஒன்றை "எதற்கும் அனுப்பி வைப்போம்" என்று அனுப்புவதை நல்லெண்ணம் என்று நினைக்கிறார்கள், அதன் செலவை வேறொரு குடும்பம் கட்டுகிறது.

அதனால் இப்படி ஒன்று வந்தால் முதல் போன் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகட்டும். கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் சங்கம் இருக்கிறது, காலையில் கடலிலிருந்து வந்தவர்கள் அங்கே இருப்பார்கள், கப்பல் கவிழ்ந்திருந்தால் செய்தி இணையத்துக்கு வர முன் அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கடற்படையும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையும் ஏதாவது சொல்லியிருக்கின்றனவா என்று அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் பாருங்கள், அவர்கள் சொன்னதாக இன்னொருவர் எழுதியதை அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானத் துறை இருக்கிறது, தெரிந்த மாணவர் யாராவது இருந்தால் கேட்கலாம். எண்ணெய்ப் படலம் என்று சொன்னால் சென்ரினல் செய்மதிகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ராடார் படத்தில் எண்ணெய் மூடிய கடல் கறுப்பாகத் தெரியும், காற்றில்லாத அமைதியான கடலும் அப்படித் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நீங்களே கரையில் ஏதாவது கண்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அதுவும் கேள்வியின் பாதிதான். மூடிய பீப்பாயையோ கொள்கலனையோ திறக்க வேண்டாம், கிட்டப் போகவும் வேண்டாம். பிளாஸ்ரிக் மணியையும் தார் உருண்டையையும் வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம், கரையின் அடையாளம் தெரிய ஒரு படம், பீப்பாய், கொள்கலன் அல்லாத சிறு பொருளென்றால் அதற்குப் பக்கத்தில் பேனாவோ நாணயமோ வைத்து ஒரு படம் எடுங்கள், இடம், திகதி, நேரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசியது என்று எழுதி வையுங்கள். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் விபரங்கள் போய்விடும், அதனால் மூலப்படத்தைப் போனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ சொல்லிவிட்டு, எண்ணெய் மாதிரி இருந்தால் கையுறை போட்டுச் சிறிதளவு எடுத்து, முன்பே கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்ரிக் போத்தலில் வேண்டாம், எண்ணெய் அதோடு சேர்ந்து சோதனை கெட்டுவிடும்.